கிரியேட்டினினையும் டிஎஸ்எச்சையும் ஒன்றாகப் படிப்பது பற்றி

நீரிழிவு நோயுடன் பல ஆண்டுகள் வாழ்ந்துவரும் ஒருவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில், தசைகளில் உருவாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் சற்று ஏறியிருந்தால், அதைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, சர்க்கரை சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்ற எண்ணம்தான். பெரும்பாலான வேளைகளில் அந்த எண்ணம் சரியாகவும் இருக்கும். ஆனால் மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அறிக்கைகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலையில் இருக்கும் எனக்கு, அதே அறிக்கையின் வேறொரு பக்கத்தில் இருக்கும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) அளவைப் பார்க்காமல் கிரியேட்டினினைப் பற்றி முடிவுகட்டக் கூடாது என்ற கருத்து ஆண்டுக்கு ஆண்டு வலுத்துவருகிறது. சிறுநீரக மருத்துவர் ஒரு பக்கத்தைப் படிக்கிறார், தைராய்டைக் கவனிக்கும் மருத்துவர் மற்றொரு பக்கத்தைப் படிக்கிறார். இரண்டு பக்கங்களுக்கும் இடையில் இருக்கும் தொடர்பு பல நேரங்களில் எவர் கண்ணிலும் படுவதில்லை. நீரிழிவு உள்ளவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் அந்தத் தொடர்பை அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் தைராய்டு ஹார்மோன் சிறுநீரகத்துக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 எனப்படும் தைராக்சினைத்தான் சுரக்கிறது. உடலின் செல்களில் உண்மையில் வேலை செய்வது டி3. அந்த டி3-இல் ஏறத்தாழ 20 விழுக்காடு மட்டுமே சுரப்பியிலிருந்து நேரடியாக வருகிறது. எஞ்சிய 80 விழுக்காடு, டி4-இலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றுவதன் மூலம் கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் உருவாகிறது. இந்தக் கழற்றும் வேலையைச் செய்யும் டிஅயோடினேஸ் என்ற நொதியின் ஒரு வகை சிறுநீரகத்தில் மிகுதியாக உள்ளது. ஆகவே சிறுநீரகம் தைராய்டு ஹார்மோனின் ஆணையை ஏற்றுச் செயல்படும் உறுப்பாக இருப்பதோடு, அந்த ஹார்மோனை உருவாக்கித் தரும் இடங்களில் ஒன்றாகவும் இருக்கிறது. இந்த இரட்டைப் பொறுப்பு காரணமாகத்தான் ஒன்றில் ஏற்படும் கோளாறு மற்றொன்றின் கணக்கிலும் எதிரொலிக்கிறது.

தைராய்டு ஹார்மோன் குறையும்போது இதயம் ஒரு நிமிடத்தில் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவு குறைகிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டமும், சிறுநீரக நாளங்கள் விரிந்து கொடுக்கும் தன்மையும் அதனுடன் சேர்ந்து குறைகின்றன. குளோமெருலஸ் என்னும் நுண்ணிய வடிகட்டிகளில் ஒரு நிமிடத்தில் வடியும் நீரின் அளவு, அதாவது நாம் ஜிஎஃப்ஆர் என்று சொல்லும் வடிகட்டும் திறன், இறங்குகிறது. அதனால் கிரியேட்டினின் ஏறுகிறது. உடலில் மிகுதியாகத் தங்கும் நீரை வெளியேற்றும் ஆற்றலும் குறைவதால் சிலருக்கு ரத்தத்தில் சோடியம் தாழ்ந்துபோகிறது. தைராய்டு குறைவு தசைகளையும் பாதிப்பதால் தசை நொதியான கிரியேட்டின் கைனேஸ் உயர்வது பரவலாகக் காணப்படும் ஒன்று. இவற்றில் பெரும்பகுதி, சிறுநீரகத் திசு நிரந்தரமாகச் சிதைந்ததால் வந்தது அன்று. ஹார்மோனை ஈடுசெய்தால் பல வாரங்களில் திரும்பிவிடக்கூடியது. நீரிழிவால் சிறுநீரகத்தில் ஏற்படும் தழும்புக்கு அப்படித் திரும்பும் வழி கிடையாது. திரும்பக்கூடிய ஒரு பங்கு திரும்பாத பங்கின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் ஆய்வகக் கருவி காட்டுகிறது.

தைராய்டு மிகையாகச் சுரக்கும் நிலையில் எல்லாம் தலைகீழாக நடக்கிறது. ரத்த ஓட்டம் கூடுகிறது, வடிகட்டும் வேகம் கூடுகிறது, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் அமைப்பு தூண்டப்படுகிறது. தசை கரைவதால் கிரியேட்டினின் உற்பத்தியே குறைகிறது. நீரிழிவின் தொடக்கக் கட்டத்தில் ஏற்கெனவே வடிகட்டிகள் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் இயங்குவது உண்டு. அதன்மேல் தைராய்டு மிகையும் சேரும்போது சிறுநீரில் ஆல்புமின் என்னும் ரத்தப் புரதம் கசிவது கூடலாம். ஆனால் அறிக்கையில் கிரியேட்டினின் மட்டும் அழகாக, இயல்பான எல்லைக்குள் இருக்கும். சிகிச்சை தொடங்கித் தைராய்டு அளவு சீரானதும் கிரியேட்டினின் ஏறும்போது, மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று குடும்பத்தினர் அஞ்சுகிறார்கள். அதுவரை மறைந்திருந்த சிறுநீரகக் குறைவு வெளியே தெரிந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

என் மனத்தில் நிலைத்துவிட்ட ஓர் அறிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 58 வயதுப் பெண்மணி ஒருவர், நெடுநாள் நீரிழிவு. கிரியேட்டினின் 1.7 மில்லிகிராம் என்று வந்திருந்தது. அவருடைய வயதுக்கும் பாலினத்துக்கும் அதை வாய்பாட்டில் இட்டால் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 35 என்று வருகிறது. நீரிழிவுச் சிறுநீரக நோய் என்று எழுதிவிட்டு அடுத்த அறிக்கைக்குப் போய்விடக்கூடிய எண் அது. ஆனால் அதே தாளில் சோடியம் 130-க்குக் கீழே இருந்தது. கெட்ட கொழுப்பு, ஸ்டேட்டின் மாத்திரை எடுத்தும் இறங்காமல் நின்றது. கிரியேட்டின் கைனேஸ் இயல்பைப் போல் சில மடங்கு உயர்ந்திருந்தது. சிறுநீரில் ஆல்புமின் கசிவோ, இந்த அளவு வீழ்ச்சிக்குப் பொருத்தமில்லாத வகையில் மிகக் குறைவு. தைராய்டு பரிசோதனையை எவரும் கேட்டிருக்கவில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, மீதமிருக்கும் சீரத்தில் டிஎஸ்எச் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். 4-ஐச் சுற்றி முடிய வேண்டிய எண், 68 என்று வந்தது.

டி4-ஐ ஈடுசெய்யும் மாத்திரையான லெவோதைராக்சின் தொடங்கிச் சில மாதங்களுக்குப் பிறகு வந்த மாதிரியில் கிரியேட்டினின் 1.3-க்கு இறங்கியிருந்தது, வடிகட்டும் திறன் ஏறத்தாழ 48. முழுமையாக இயல்புக்கு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீரிழிவின் பங்கு அங்கேயே இருந்தது, தைராய்டின் பங்கு மட்டும் விலகியிருந்தது. 35-க்கும் 48-க்கும் இடையிலான வேறுபாடு வெறும் எண் வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே போனால் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், 30-க்குக் கீழே போனால் அதை நிறுத்தியே ஆக வேண்டும். மேலும் பல மருந்துகளின் அளவும் இந்த எண்ணைப் பார்த்தே முடிவாகின்றன. தசைவலி இருந்தும் ஸ்டேட்டின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் இத்தகைய நிலையில் ஆபத்தானது, ஏனென்றால் கவனிக்கப்படாத தைராய்டு குறைவு ஸ்டேட்டினால் வரும் தசைச் சேதத்துக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது.

இந்த இடத்தில் ஆய்வகத்தவர்களுக்கு மட்டுமே பெரும்பாலும் தெரிந்த ஒரு முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். கிரியேட்டினின் மீது ஐயம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற மற்றொரு புரதத்தை அளந்து வடிகட்டும் திறனைக் கணக்கிடுவது இப்போது பரவிவருகிறது. தசையின் அளவு அதை அவ்வளவாகப் பாதிக்காது என்பதால் அது நம்பகமானதாகக் கருதப்படுகிறது. ஆனால் சிஸ்டாட்டின் சி எந்த வேகத்தில் உற்பத்தியாகிறது என்பதைத் தைராய்டு ஹார்மோன் நேரடியாகத் தீர்மானிக்கிறது. தைராய்டு குறைந்தவரிடம் அது குறைவாகச் சுரந்து, சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோல் காட்டும். மிகையாக உள்ளவரிடம் அது கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகம் பழுதானதுபோல் காட்டும். கிரியேட்டினின் எந்தப் பக்கம் தவறுகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இது தவறுகிறது. ஒரே மாதிரியில் இரண்டும் வெவ்வேறு திசைகளில் இழுப்பதைக் கண்டால், மூன்றாவதாக நான் தேடுவது டிஎஸ்எச்சைத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்துத் தவறையும் அதே அழுத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. தைராய்டைக் காரணம் காட்டி நீரிழிவுச் சிறுநீரக நோய்க்கான சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, தைராய்டைப் பார்க்காமல் விடுவதைவிடப் பெரிய தீங்கு. நீரிழிவு உள்ளவர்களின் குளோமெருலஸ்களில் முடிச்சு முடிச்சாகப் படியும் தழும்பைக் கிம்மெல்ஸ்டீல், வில்சன் ஆகிய இருவரும் 1936-இல் விவரித்தார்கள். அந்த மாற்றம் ரத்தத்தில் தெரிவதற்கு நெடுங்காலம் முன்பே சிறுநீரில் தெரியத் தொடங்கிவிடுகிறது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் போவது முதல் எச்சரிக்கை. 300-ஐத் தாண்டினால் நோய் நன்கு வேரூன்றிவிட்டது. நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயரிடுவதற்கு இந்தக் கசிவோ, 60-க்குக் குறைந்த வடிகட்டும் திறனோ மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவில் நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தும், முதல் வகையில் ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகும் ஆண்டுதோறும் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைச் செய்யச் சொல்வது அதனால்தான். கசிவு மிகுந்து, கண்ணின் விழித்திரையிலும் நீரிழிவின் தடயங்கள் இருக்கும்போது, டிஎஸ்எச் சற்று உயர்ந்திருப்பதைக் காட்டி ஆறுதல் தேடுவதற்கு இடமில்லை. அந்த நிலையில் செய்வதற்கு இன்று நிறைய இருக்கிறது. 2001-இல் வெளிவந்த ஆய்வுகள் லோசார்ட்டான், இர்பிசார்ட்டான் ஆகிய மருந்துகளின் பயனை நிலைநாட்டின. 2019-இல் கானாகிளிஃப்ளோசின், 2020-இல் டாபாகிளிஃப்ளோசினும் ஃபினெரெனோனும், 2024-இல் செமாகுளூட்டைடு என்று வரிசையாக வந்த சான்றுகள் சிறுநீரகத்தின் வீழ்ச்சியை மெதுவாக்க முடியும் என்று காட்டியிருக்கின்றன. தைராய்டு மாத்திரை இவற்றுக்கு மாற்று ஆகாது. செமாகுளூட்டைடு வகை மருந்துகளைப் பொறுத்தவரை, மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு அவை கூடாது என்ற எச்சரிக்கை இருப்பதையும் இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறேன்.

இனி, சிறுநீரக நோய் தைராய்டை எப்படி மாற்றுகிறது என்ற மறுபக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் விஷயம் செறிவானது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே அதிகம். வடிகட்டும் திறன் குறையக் குறையத் தைராய்டு குறைவு உள்ளவர்களின் விகிதம் கூடுகிறது. அமெரிக்க நாட்டளவிலான ஒரு பெரிய உடல்நலக் கணக்கெடுப்பின் தரவுகளைக் கொண்டு 2005-இல் வெளியான ஆய்வில், வடிகட்டும் திறன் 90-க்கு மேல் இருந்தவர்களில் 5 விழுக்காட்டினருக்குச் சற்று மேலானவர்களிடம் காணப்பட்ட தைராய்டு குறைவு, 30-க்குக் கீழே இருந்தவர்களில் 23 விழுக்காடாக இருந்தது. இதற்குக் காரணம் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. உடலில் மிகும் அயோடினைச் சிறுநீரின் வழியாக வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பொறுப்பு. அது தளரும்போது அயோடின் தேங்குகிறது. அயோடின் மிகுதியே தைராய்டின் உற்பத்தியைத் தற்காலிகமாக முடக்கும் என்பதை வுல்ஃப், சைகாஃப் இருவரும் 1948-இல் காட்டினார்கள்; நலமான சுரப்பி சில நாட்களில் அந்த முடக்கத்திலிருந்து விடுபட்டுவிடும், நோயுற்ற சுரப்பியால் பல நேரங்களில் அது முடிவதில்லை. சிடி ஸ்கேனுக்கும் ஆஞ்சியோகிராமுக்கும் செலுத்தப்படும் அயோடின் கலந்த திரவம் இத்தகையவர்களுக்குக் கூடுதல் சுமை என்பதால், அதற்குப் பிந்தைய வாரங்களில் புதிதாகச் சோர்வோ வீக்கமோ வந்தால் தைராய்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நீரிழிவால் சிறுநீரில் புரதம் பெருமளவில் போகும்போது மற்றொன்றும் நடக்கிறது. ரத்தத்தில் தைராக்சினைச் சுமந்து செல்லும் புரதங்களும் ஆல்புமினுடன் சேர்ந்து சிறுநீரில் வெளியேறுகின்றன. அவற்றின் மேல் ஏறியிருக்கும் ஹார்மோனும் உடன் போய்விடுகிறது. சுரப்பி நலமாக இருப்பவர் கூடுதலாகச் சுரந்து அந்த இழப்பை ஈடுகட்டிவிடுவார். ஏற்கெனவே மாத்திரையை நம்பி இருப்பவருக்கு அப்படிச் சுரக்க வழியில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே அளவு லெவோதைராக்சினில் சீராக இருந்தவருக்குத் திடீரென்று டிஎஸ்எச் ஏறினால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அவரைக் கடிந்துகொள்வதற்கு முன் சிறுநீரில் புரதத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதியவர்கள் செய்யாத தவறுக்கு வீட்டில் திட்டு வாங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட அடிக்கடி அறிக்கைகளில் தென்படுவது தாழ்ந்த டி3. சிறுநீரக நோய் முற்றியவர்களிடம் டிஎஸ்எச் இயல்பாகவும், டி4 இயல்பாகவோ அதன் கீழ்விளிம்பிலோ இருக்க, டி3 மட்டும் தாழ்ந்திருக்கும். டி4-இலிருந்து டி3 உருவாகும் வேலை தடைப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். நாள்பட்ட அழற்சி, ரத்தத்தில் அமிலத்தன்மை, ஊட்டக்குறைவு ஆகிய மூன்றும் அந்தத் தடையை வலுப்படுத்துகின்றன. சுரப்பிக்கு இதில் பழுது இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் டி3 தாழ்ந்திருப்பவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன என்பதால், டி3-ஐ மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஆனால் அப்படிக் கொடுத்து உயிர்காத்ததற்குச் சான்று இல்லை. உடல் தன் புரதத்தைக் காத்துக்கொள்வதற்காகவே வேகத்தைக் குறைத்திருக்கக்கூடும் என்றும், அதைக் கட்டாயப்படுத்தி முடுக்கினால் தசை மேலும் கரையும் என்றும் கருதப் போதிய காரணம் இருக்கிறது. இந்த நிலையில் டி3 ஒரு நோயின் கடுமையைக் காட்டும் அளவுகோலாக மட்டுமே பயன்படுகிறது. தைராய்டு குறைபாடு என்று முத்திரை குத்தி, வாழ்நாள் முழுவதும் மாத்திரை எழுதித்தருவதற்கு அது போதாது.

நீரிழிவு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். முதல் வகை நீரிழிவில் விடை நேரானது: கணையத்தைத் தாக்கும் தன்னெதிர்ப்பு (உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்குவது) பலரிடம் தைராய்டையும் தாக்குகிறது. அந்த வகை நீரிழிவு உள்ளவர்களில் 17 முதல் 30 விழுக்காட்டினருக்குத் தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது; ஆகவே நீரிழிவு கண்டறிந்து உடல்நிலை சீரானதுமே டிஎஸ்எச் பார்ப்பதும், அதன்பின் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்ப்பதும் வழக்கமாகியிருக்க வேண்டும். இரண்டாம் வகையில் அத்தகைய நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், இரண்டுமே நடுவயதைக் கடந்தவர்களிடம் பரவலாக இருப்பவை என்பதால் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது மிகவும் சாதாரணம்.

மூன்றும் ஒருவரிடம் கூடும்போது நான் மிகவும் அஞ்சுவது ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதைப் பற்றித்தான். உடலில் செலுத்தப்படும் இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது தளர்ந்தால், நேற்றுவரை பொருத்தமாக இருந்த அளவு இன்று மிகையாகிவிடுகிறது. தைராய்டு குறைவும் இன்சுலின் உடலை விட்டு நீங்குவதை மெதுவாக்குகிறது, கல்லீரல் குளுக்கோஸ் தயாரிப்பதையும் மட்டுப்படுத்துகிறது. இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன. இன்சுலின் அளவை எவரும் கூட்டாமலே, உணவைக் குறைக்காமலே அடிக்கடி சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது என்றால், சர்க்கரை நோய் குணமாகிவருகிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கிரியேட்டினின், டிஎஸ்எச் இரண்டையும் அந்த வாரமே பார்க்க வேண்டும். கிளிபென்கிளமைடு போன்ற நெடுநேரம் வேலை செய்யும் சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசரமானது. தைராய்டு மிகையில் இதற்கு நேர்மாறாகச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறும்.

கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பற்றியும் ஒரு வார்த்தை. அந்த அளவு ரத்தச் சிவப்பணுவின் ஆயுளைப் பொறுத்தது. தைராய்டு குறைவில் புதிய சிவப்பணுக்கள் உருவாவது மந்தமாகி, பழைய அணுக்களே மிகுதியாக இருப்பதால், சர்க்கரை மாறாமலே எச்பிஏ1சி சற்று உயர்ந்து காட்டலாம். லெவோதைராக்சின் தொடங்கியபின் அது இறங்குவதும் உண்டு. முற்றிய சிறுநீரக நோயில், குறிப்பாக ரத்தசோகைக்கு எரித்ரோபோய்டின் ஊசி எடுப்பவர்களிடம், அது உண்மையைவிடத் தாழ்த்திக் காட்டும். ஒரே உடலில் இரண்டு பிழைகளும் சேர்ந்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அந்த எண்ணை வைத்து மட்டும் சொல்ல இயலாது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் அன்றாட அளவுகளோ, தொடர்ந்து கண்காணிக்கும் சென்சாரோதான் கைகொடுக்கும்.

டிஎஸ்எச் சிறிதளவே உயர்ந்து, டி4 இயல்பாக இருக்கும் நிலையில் என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. இந்த நிலை உள்ள நீரிழிவுக்காரர்களிடம் சிறுநீரில் ஆல்புமின் கசிவு கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. தைராய்டு மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடம் வடிகட்டும் திறன் குறையும் வேகம் தணிந்ததாகக் கொரியாவில் பழைய மருத்துவப் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வும் இருக்கிறது. பழைய பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வில், மாத்திரை பெற்றவர்கள் தொடக்கத்திலேயே நல்ல கவனிப்பில் இருந்தவர்களாக இருக்கலாம் என்ற ஐயத்தை முற்றிலும் நீக்க முடியாது. மறுபுறம், 65 வயதைக் கடந்த 737 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய சிறு உயர்வுக்கு லெவோதைராக்சின் கொடுத்தும் சோர்வோ பிற அறிகுறிகளோ குறையவில்லை. வயது ஏற ஏற டிஎஸ்எச் தானாகவே சற்று உயர்வதும் உண்டு. டிஎஸ்எச் 10-ஐத் தாண்டாத முதியவர்களிடம் அவசரப்படாமல், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை பார்த்து முடிவெடுக்கும் மருத்துவர்களின் பக்கம்தான் நான் நிற்கிறேன். தேவையற்ற மாத்திரையின் அளவு சற்றுக் கூடிவிட்டாலும், இதயத் துடிப்பு ஒழுங்கிழப்பதும் எலும்பு தேய்வதும் நேரக்கூடும். நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவருடைய இதயமும் எலும்பும் ஏற்கெனவே நெருக்கடியில் இருப்பவை. அதே காரணத்தால்தான், தெளிவான தைராய்டு குறைவு இருந்தாலும் இதய நோய் உள்ள முதியவர்களுக்கு நாளொன்றுக்கு 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுகிறார்கள். தைராக்சினின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு வாரம் என்பதால், அளவை மாற்றிய பின் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துத்தான் டிஎஸ்எச் உண்மை நிலையைச் சொல்லும். இரண்டாம் வாரமே பரிசோதித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று கவலைப்படுவது வீண்.

மெட்ஃபார்மின் எடுக்கும் தைராய்டு நோயாளிகளிடம் டி4 மாறாமலே டிஎஸ்எச் சற்றுத் தாழ்வது கவனிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மாதிரி எடுப்பதில் வரும் பிழைகள் என் வேலைக்கு மிக நெருக்கமானவை என்பதால் அவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பயோட்டின் என்னும் வைட்டமின் தலைமுடிக்கும் நகத்துக்குமான மாத்திரைகளில் பெரும் அளவில் சேர்க்கப்படுகிறது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு எழுதித்தரும் வைட்டமின் மாத்திரைகளிலும் இருக்கும். பல கருவிகள் பயோட்டினைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தின் துணையுடன்தான் தைராய்டு ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் அந்த வகைக் கருவி டிஎஸ்எச்சைத் தாழ்த்தியும், டி4-ஐ உயர்த்தியும் காட்டிவிடும்; சுரப்பி முற்றிலும் நலமாக இருப்பவருக்குத் தைராய்டு மிகை என்று அறிக்கை போகும். நலமான சிறுநீரகம் பயோட்டினை ஓரிரு நாட்களில் வெளியேற்றிவிடும், தளர்ந்த சிறுநீரகத்தில் அது நெடுநேரம் தங்கும். ஆகவே ரத்தம் கொடுக்க வருபவர்கள் தாங்கள் எடுக்கும் வைட்டமின்களையும் மறக்காமல் சொல்ல வேண்டும். டயாலிசிஸின்போது செலுத்தப்படும் ஹெப்பாரினும் டி4-ஐப் போலியாக உயர்த்திக் காட்டும் என்பதால், தைராய்டுக்கான ரத்தத்தை ஹெப்பாரின் செலுத்துவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, மாத்திரைகளின் நேரம். லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, தண்ணீருடன் மட்டும் எடுக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பாஸ்பரசைக் கட்டுப்படுத்த உணவுடன் தரப்படும் செவலமர், கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிட்டேட் ஆகியவையும், ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையும் குடலிலேயே லெவோதைராக்சினைப் பிடித்துவைத்து, ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கின்றன என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. இவற்றுக்கும் லெவோதைராக்சினுக்கும் இடையில் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலை உணவுடனேயே செவலமர் எடுக்க வேண்டியிருப்பவருக்கு அந்த இடைவெளி காலையில் கிடைப்பது கடினம். அத்தகையவர்கள் விடியற்காலையில் விழிப்பு வரும்போது லெவோதைராக்சினை எடுத்துக்கொண்டு மீண்டும் படுக்கலாம். இரவு உணவையும் அதனுடன் சேர்ந்த மாத்திரைகளையும் சீக்கிரமே முடித்துவிடுபவர்கள், நான்கு மணி நேரம் கழித்து உறங்கப்போகும் முன் எடுக்கலாம். எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அதையே மாற்றாமல் கடைப்பிடிக்க வேண்டும். நேரத்தை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்களில் டிஎஸ்எச்சை மீண்டும் பார்க்க வேண்டும், அதே குழாய் ரத்தத்தில் கிரியேட்டினினையும் சேர்த்தே கேட்டுவிடலாம்.